நேஷனல் பர்மிட்டின் ஏழாவது பாட்டு

செப்டம்பர் 3, புதன்

காலையில் இரண்டு தார்ப்பாய் முடித்தேன். மழை தொடங்கியதும் சங்ககிரியில் லாரி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தார்ப்பாய் கிழிந்துவிடும். பகல் முழுக்கத் தையல் மெஷின் ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஐந்து மணிக்கு ஷெட்டில் ஒத்திகை. மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டால் நான்கு பேர் உட்கார இடம் கிடைக்கும். பாடுவது செங்கோடன். பதினைந்து வருடம் லாரி ஓட்டியவன், குரலில் இன்னும் டீசல் வாசம் அடிக்கும். டிரம்ஸ் பர்கத், லாரிப்பேட்டையில் மெக்கானிக். கித்தார் டெரன்ஸ் அண்ணன், ஈரோடு ரயில்வே காலனி, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஸ்டீல் கித்தார். மடியில் படுக்க வைத்து, கம்பியின் மேல் இரும்புத் துண்டை வைத்து இழுத்து வாசிப்பது. அந்த இரும்பைப் பர்கத் ஒரு பழைய லாரியின் முன்சக்கரத்துக் கிங் பின் தண்டைக் கடைசலுக்குக் கொடுத்துச் செய்து தந்தான். கடையில் விற்பதைவிட என்னுடையது கனமாக நிற்கும்.

எங்கள் பாட்டுக்கு டெரன்ஸ் அண்ணன் வைத்திருக்கிற பெயர் அவுட்லா கன்ட்ரி. அமெரிக்காவில் லாரி ஓட்டினவனும், ஜெயிலுக்குப் போனவனும், கம்பெனி சொன்னபடி பாட மாட்டேன் என்று வெளியே வந்தவனும் பாடியது என்பார். மெட்டின் நடை அங்கிருந்து வந்தது. வார்த்தை முழுக்க எங்களுடையது. குழுவின் பெயர் நேஷனல் பர்மிட். இந்த ஷெட்டிலேயே பதிவு செய்து, பென்டிரைவில் போட்டு, டீக்கடைகளில் கொடுக்கிறோம். எந்தப் பாட்டுக் கடையிலும் எங்கள் பாட்டு இல்லை. விஜயவாடாவிலிருந்து நாக்பூர் வரை ஓடுகிற லாரிகளில் இருக்கிறது.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் போன் செய்தார். செங்கோடன் குரல் மட்டும் போதுமாம், மற்றதைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்களாம். "அப்பறம் எங்காளுக மூணு பேரும் என்னங்க, வண்டியத் தள்ளறதா?" என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

இன்று பர்கத் புதிதாக ஒரு செய்தியோடு வந்தான். மத்தியச் சிறைக்கு அரிசி இறக்கப் போன லாரியில் எங்கள் பாட்டு ஓடியிருக்கிறது. அங்கே நலன் அலுவலராக இருக்கிற எழிலரசி மேடம் கேட்டுவிட்டு டிரைவரிடம் எங்கள் நம்பர் வாங்கியிருக்கிறார். அக்டோபர் இரண்டு, காந்தி ஜெயந்தி அன்று உள்ளே வந்து வாசிக்க முடியுமா என்று கேட்கிறார்.

மூன்று பேரும் குதித்தார்கள். எனக்குத் தார்ப்பாய் வேலை நிறைய இருக்கிறது, பார்க்கலாம் என்றேன்.

தார்ப்பாய் வாங்க வந்த வெளியூர்க்காரர், "வூட்டுக்காரரு எப்பங்க வர்றாரு?" என்று கேட்டார். வடக்கே ஓடுகிறார், லோடு அப்படி என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

விரலில் ஊசி ஏறிவிட்டது. ஸ்டீலைத் தொடவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

விரல் ஆறிவிட்டது. ஆறவில்லை என்று சொன்னேன்.

செங்கோடன் ஜெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். தவணை கட்டவில்லை என்று லாரியைப் பிடுங்க வந்த ஆளை அடித்ததற்காக நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தவன் அவன். அதை மறைத்ததே இல்லை. அதை வைத்துத்தான் எங்கள் முதல் பாட்டே வந்தது.

"உள்ள பாட்டுன்னா டிவியில என்ன போடறானோ அதுதானுங்க்கா. நம்மள மாதிரி ஒருத்தன் பாட்ட, நம்ம மாதிரி ஆளே நேர்ல வந்து பாடினா எப்படி இருக்கும்? அந்த நாப்பத்தொரு நாள்ல எனக்கு அப்பிடி ஒண்ணு கெடைக்கல."

நீங்கள் மூன்று பேரும் போய்விட்டு வாருங்கள், ஸ்டீல் இல்லாமல் சமாளிக்கலாம் என்றேன்.

டெரன்ஸ் அண்ணன் கித்தாரைக் கீழே வைத்தார். "ஸ்டீல் இல்லாம நாம என்ன மேன்? மூணு கிழவனுங்க சத்தம் போடறோம், அவ்ளோதான். நாம நாலு பேரும் போறோம். இல்ல, ஒருத்தரும் போகல."

இந்த மனிதரை எனக்குத் தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. பெட்டிக்கு உறை தைக்கக் கொடுக்க வந்தவர். பெட்டிக்குள் என்ன என்று கேட்டேன், திறந்து ஸ்டீலை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். உறை தைத்த கூலிக்குப் பதில் அதை என்னிடமே விட்டுப் போனார். அந்த நாட்களில் வீட்டில் வேறு சத்தம் இல்லை. நானாகத் தடவித் தடவிப் பழகினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒருவர் இரட்டைத் தார்ப்பாய் கேட்டு வந்தார். இப்போது தைப்பதில்லை என்றேன். ஏன் என்றார். இரண்டு மடிப்புக்கு நூல் தாங்காது என்றேன்.

நூல் தாங்கும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒத்திகை முடிந்து மற்ற இருவரும் கிளம்பிய பிறகு பர்கத் மட்டும் டிரம்ஸைத் துடைத்தபடி நின்றான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அக்கா, வையாபுரி அண்ணன் அங்கதான இருக்காரு? அதுக்குத்தான வர மாட்டேங்கறீங்க?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? அண்ணன் வண்டிக்கு வேல பாத்தவன் நானு. வண்டி ஸ்டேசன்ல நின்னப்ப பேட்ட பூரா தெரியுமுங்க. செங்கோடனுக்குத் தெரியும். டெரன்ஸ் அண்ணனுக்கும் தெரியும். நீங்க சொல்லல, நாங்க கேக்கல."

போடா வெளியே என்று கத்திவிட்டேன். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

என் கணவர் வையாபுரி ஆறு வருடமாக மத்தியச் சிறையில் இருக்கிறார். குண்டூரிலிருந்து மிளகாய் வற்றல் மூட்டை ஏற்றி வந்த வண்டியில் கஞ்சா இருந்தது. பத்து வருடம் தீர்ப்பானது. முதல் இரண்டு வருடம் மாதம் தவறாமல் மனுப் பார்க்க, அதாவது மனு எழுதிக் கொடுத்து அவரைப் பார்க்கப் போனேன். பிறகு ஒருநாள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, "இனி நீ வர வேண்டாம். பாத்தா எனக்கு உள்ள இருக்க முடியல" என்றார். சரி என்று வந்துவிட்டேன். நான்கு வருடம் ஆகிறது.

அவர் வர வேண்டாம் என்றதால் போகவில்லை. காரணம் அவ்வளவுதான்.

செப்டம்பர் 18, வியாழன்

பர்கத்துக்கு வெந்தயக் களி கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டான்.

எழிலரசி மேடம் செங்கோடனுக்குப் போன் செய்தார். போலீஸைப் பற்றி, குடியைப் பற்றி, ஜெயிலைப் பற்றி இல்லாத பாட்டாக இருந்தால் நல்லது என்றாராம்.

"மேடம், அப்பறம் எங்ககிட்ட மிச்சம் இருக்கறது ட்யூன் மட்டுந்தானுங்க" என்றிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, எல்லா வரிகளையும் எழுதி அனுப்புங்கள், சூப்பரின்டெண்டென்ட் பார்த்து முடிவு சொல்வார் என்றிருக்கிறார்.

சில வார்த்தைகளை மாற்றி அனுப்பலாமா என்று நான்தான் கேட்டேன். டெரன்ஸ் அண்ணன் தலையை ஆட்டினார். "மாத்தி எழுதினா அது வேற ஆளோட பாட்டு. இருக்கறத அனுப்பு. வேணாம்னா வேணாம்."

ஏழு பாட்டையும் நானே அச்சுப் போல எழுதினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. என் கையெழுத்து அழகாக வந்திருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

பதில் வந்துவிட்டது. ஏழில் ஆறு சரியாம். செக்போஸ்ட்காரரைக் கிண்டல் செய்கிற பாட்டு மட்டும் வேண்டாமாம். ஜெயில் பாட்டு, குடிகாரன் பாட்டு எல்லாம் தேறிவிட்டன. செங்கோடன் ஷெட்டைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினான்.

ஏழாவதுக்கு வேறு பாட்டு வேண்டும். எழுதுகிறேன் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருந்தேன். தையலுக்கு நடுவில் வரிகள் வந்தன. தார்ப்பாய் துணியிலேயே சாக்பீஸால் எழுதினேன்.

*மழைக்குத் தச்ச தார்ப்பாயில்ல,
மறைக்கத் தச்ச தார்ப்பாயி.
கேக்காமத் தச்சவ நானு,
சொல்லாமப் போனவன் நீ.*

*யாரு தச்சதுன்னு கேட்டாங்க,
யாரோ தச்சதுன்னு நீ சொன்ன.
பத்து வருசத்தப் பாதியாக் கிழிச்சா
ஒரு பாதி எம்பேருக்கு.*

எழுதி முடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இரட்டைத் தார்ப்பாய் வேண்டும் என்று கேட்டவர் என் கணவர்தான். இருபத்துநான்கு அடி நீளம், பதினெட்டு அடி அகலம், இரண்டு மடிப்புக்கும் நடுவில் வெளியே தெரியாமல் பை. மழைக்கு எதற்கு உள்ளே பை? முப்பது வருடமாகத் தைக்கிறவளுக்கு அது தெரியாதா? கேட்கவில்லை. அந்த வருடம் வண்டிக்குத் தவணை மூன்று நின்றிருந்தது. மூலைக்கு மூலை குறுக்குத் தையல் போட்டு, இழுத்தாலும் பிரியாதபடி தைத்துக் கொடுத்தேன். நல்ல தையல் என்று எனக்கே தோன்றியது.

கோர்ட்டில் அந்தத் தார்ப்பாயை விரித்துப் போட்டு, இதை யார் தைத்தது என்று கேட்டார்கள். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வழியில ஒரு ஊர்ல வாங்கினதுங்க, கட பேரு தெரியாது" என்றார்.

மனுப் பார்க்கப் போகும்போதெல்லாம் நாங்கள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னபோது எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அதுதான் நிஜம். நேற்று வரை இந்த நோட்டில்கூட அதை எழுத வரவில்லை.

செப்டம்பர் 24, புதன்

செங்கோடனிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். மடித்து என்னிடமே நீட்டினான்.

"இத நான் பாட மாட்டனுங்க்கா."

நன்றாக இல்லையா என்றேன்.

"நல்லா இருக்கறதாலதான். இது நான் பாடினா பொய்யாப் போயிரும். நீங்க பாடுங்க."

நான் ஒருநாளும் மேடையில் வாயைத் திறந்தவள் இல்லை. என் குரல் ஆம்பளைக் குரல் என்று பள்ளிக்கூடத்திலேயே பாட்டு வகுப்பில் கடைசியில் நிற்க வைத்தார்கள். அதைச் சொன்னேன்.

"எங்க, பாடு" என்றார் டெரன்ஸ் அண்ணன். பாடினேன். அவர் கித்தாரின் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுருதி இறக்கிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இதான் உன் இடம். நாங்க எல்லாரும் இங்க எறங்கி வர்றோம், நீ ஏற வேணாம்" என்றார்.

பர்கத்துக்கு மட்டும் பயம். "அக்கா, யாராச்சும் இதப் புடிச்சுக்கிட்டுக் கேஸு அது இதுன்னு வந்தா?"

வந்தால் வரட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னது நான் என்று உறைத்தது.

செப்டம்பர் 27, சனி

எழிலரசி மேடம் என்னிடமே பேசினார். புதுப் பாட்டைப் படித்தாராம்.

"இது கற்பனைதானேம்மா?"

"பாட்டுங்க மேடம்."

மறுமுனையில் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பாடுங்க" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பேட்டை முழுக்க லாரிகள் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. நண்பகலில் ஒரு லாரியின் பின்பக்கத்தைத் திறந்து அதையே மேடையாக்கி ஆறு பாட்டு வாசித்தோம். செங்கோடன் நிறுத்துகிற இடத்தில் முந்நூறு டிரைவர்கள் அடுத்த வரியைப் பாடினார்கள். வரிகள் அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம். அந்த வரிகளில் பாதி என் தையல் மேஜையில் பிறந்தவை. ஸ்டீலை இழுத்துக்கொண்டே அதை நினைத்தேன். முதுகு தானாக நிமிர்ந்தது.

ஏழாவதை அங்கே பாடவில்லை. அதற்கு இடம் வேறு.

அக்டோபர் 2, வியாழன்

பர்கத்தின் வேனில் போனோம். பத்து மணிக்கு வாசல்.

எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். கித்தார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியின் முதுகைக் கழற்றினார்கள். என் கைப்பையிலிருந்து கிங் பின் இரும்பை எடுத்த வார்டர் அதைக் கையில் எடை போட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஒருத்தன் மண்டைல போட்டா போய்ச் சேந்துருவான். உள்ள விட முடியாது."

"வாசிக்கறதுக்குங்க."

"இத வெச்சு என்ன வாசிப்ப?"

அங்கேயே, பதிவேட்டு மேஜை மேல் ஸ்டீலை வைத்தேன். கரண்டு இல்லாததால் சத்தம் சின்னதாகத்தான் வரும். ஒரே இழுப்பு, கீழிருந்து மேலே. பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். வார்டர் இரும்பை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "போகும்போது ஞாபகமா காமிச்சிட்டுப் போகணும்" என்றார்.

உள்ளே பெரிய மைதானம், ஒரு வேப்பமரம், ஷாமியானா. வெள்ளை உடுப்பில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அறுநூறு பேர் இருக்கும். நான் முகங்களைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நான்கு வருடத்தில் ஒருவருக்கு எவ்வளவு நரைக்கும் என்று கணக்குப் போடத் தெரியவில்லை.

முதல் பாட்டு செங்கோடனின் நாற்பத்தொரு நாள். பாடுவதற்கு முன்னால் மைக்கில், "நானும் இப்பிடித்தானுங்க, இதே மாதிரி ஒரு மைதானத்துல உக்காந்திருந்தேன்" என்றான். முதலில் யாரும் அசையவில்லை. அதிகாரிகள் கைதட்டினால்தான் தட்டுவார்கள் போல. இரண்டாவது சரணத்தில் பின்வரிசையில் ஒருவர் தரையில் தாளம் போட்டார். பர்கத் அந்தத் தாளத்தைக் காதில் வாங்கி அதற்கே மாறிக்கொண்டான். அதன் பிறகு தரை முழுக்கத் தாளம். டெரன்ஸ் அண்ணன் கண்ணை மூடி, ரயில் ஓடுவது போல ஒரே சீராக வாசித்தார். கம்ப்யூட்டர் இல்லை, பாடுகிற ஆளைத் திருத்துகிற மெஷின் இல்லை. தப்பினால் தப்பு எல்லோருக்கும் கேட்கும். தப்பவில்லை.

ஏழாவதுக்கு செங்கோடன் மைக்கை என் உயரத்துக்கு இறக்கினான். "இது எங்க அக்கா எழுதுன பாட்டு. அவங்களே பாடுவாங்க. மொதத் தடவ."

முதல் வரியில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. தார்ப்பாய் என்ற வார்த்தை வந்ததும் குரல் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. யாரு தச்சதுன்னு கேட்டாங்க என்ற இடத்தில் மைதானத்தில் தாளம் நின்றது. பத்து வருசத்தப் பாதியாக் கிழிச்சா என்று பாடி, மேலே சொல்ல முடியாததை ஸ்டீலில் இழுத்தேன்.

முடிந்ததும் இரும்பைக் கம்பியிலிருந்து எடுத்தேன். அப்புறம் யாரோ ஒருவர், "ஒன்ஸ்மோர்!" என்றார். அறுநூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். செங்கோடன் சூப்பரின்டெண்டென்ட்டைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

இரண்டாவது முறை உடையாமல் பாடினேன்.

வையாபுரியை நான் பார்க்கவில்லை. வரிசை கலைந்தபோதும் பார்க்கவில்லை. இருந்தாரா, இல்லையா, தெரியாது. வாசலில் எழிலரசி மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்க வந்தார். கேட்கவில்லை. "மனுப் பாக்கற நாள் மாறல, வியாழக்கிழமைதான்" என்றார்.

அக்டோபர் 4, சனி

தார்ப்பாய் நான்கு. மழை விடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மனுச் சீட்டு எழுதுகிற இடத்தில் புதிய ஆள்.

"உறவு?"

"சம்சாரம்."

"தொழில்?"

"தார்ப்பாய் தைக்கறனுங்க. பாடறனுங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

"ரெண்டுந்தானுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டையும் எழுதினார்.

வையாபுரி வந்தார். முடி முழுக்க வெள்ளை. உடம்பு இளைக்கவில்லை, கொஞ்சம் கனத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வலையருகே வந்து நின்றார். வேண்டாம் என்று சொன்னேனே என்று கேட்பாரென்று பயந்தேன்.

"அன்னைக்கு நான் சமயக்கட்டுல இருந்தேன்" என்றார். "ஆறு வருசமா சமையல்ல போட்டிருக்காங்க. விழாவுக்குச் சக்கரப் பொங்கல். மைக் சத்தம் அங்க நல்லாக் கேக்கும். அந்தக் கம்பி அழுகற சத்தம் வந்ததும் முந்திரி வறுத்தவன் அப்படியே நின்னுட்டான். கருக விட்டுட்டான்."

"பாட்டு கேட்டுதா?"

"மொதத் தடவ பாடறப்ப யாரோ ஒரு பொம்பள பாடறான்னு நெனச்சேன். ரெண்டாந் தடவதான் நீயின்னு தெரிஞ்சுது. நீ பாடி நான் எங்க கேட்டேன், கல்யாணமாகி இத்தன வருசத்துல?"

நான் தைத்ததைச் சொல்லவில்லையே, ஏன் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை ஆறு வருடம் சுமந்திருக்கிறேன்.

"நாந்தான உன்னத் தைக்கச் சொன்னது."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தச்சேன்."

"எனக்கும் தெரியும், உனக்குத் தெரியும்னு." வலையில் விரலை வைத்தார். "உம்மூஞ்சில அது தெரிஞ்சுது. அதத்தான் மாசா மாசம் பாக்க முடியல. இப்ப இல்ல. பாடிட்ட."

அழுதேன். அவரும்தான். பக்கத்து வலையில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார். பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திடீரென்று சிரித்தார்.

"இங்க இத்தன நாளும் என்னைய கஞ்சா டிரைவருன்னுதான் கூப்புடுவானுங்க. அந்தப் பாட்டுக்கப்பறம் ஒருத்தன் வந்து, 'ஏண்ணா, அந்தப் பாட்டுல வர்ற ஆளு நீதான?'ன்னான். ஆமான்னேன். இப்ப பிளாக்குல எம்பேரு பாட்டுக்காரி வூட்டுக்காரன்." நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். "வார்டரே அப்பிடித்தான் கூப்புடறாரு."

நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த வியாழன் வருகிறேன் என்றேன். "வா. புதுசா ஏதாச்சும் எழுதியிருந்தா சொல்லிக் காட்டு" என்றபடி உள்ளே போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். ஒத்திகைக்கு இருபது நிமிடம் தாமதம். மூன்று பேரும் வாத்தியங்களைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

நானே சொன்னேன்.